பழைய காரும் ஸ்டீயரிங் ரேஷியோவும்: மலை ரோட்டில் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு 1978 மாடல் பத்மினி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதன் பானெட்டைத் திறந்தால் போதும், போகிறவர் வருகிறவர் நின்று ஏதாவது கேட்பார்கள். முன்பெல்லாம் கார்ப்பரேட்டரைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது பத்தில் ஆறு பேர் ஸ்டீயரிங்கைப் பற்றிக் கேட்கிறார்கள். புது காரில் ஒரு கையால் கொண்டை ஊசி திரும்பிப் பழகியவர்கள், தாத்தாவின் பழைய வண்டியை எடுத்ததும் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, 16:1, 20:1-னு ஸ்டீயரிங் ரேஷியோ சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

ஸ்டீயரிங்கை எத்தனை டிகிரி திருப்பினால் ரோட்டில் இருக்கும் சக்கரம் ஒரு டிகிரி திரும்புகிறது என்ற கணக்கு. 16:1 என்றால் 16 டிகிரிக்கு ஒரு டிகிரி. ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு சுற்று, அதாவது 360 டிகிரி திருப்பினால் சக்கரம் 22.5 டிகிரி திரும்பும். 20:1 என்றால் அதே ஒரு சுற்றுக்கு 18 டிகிரிதான்.

எண் சிறிதானால் ஸ்டீயரிங் வேகம், ஆனால் கனம். எண் பெரிதானால் மெதுவு, ஆனால் லேசு. பட்டறையில் ஒருவர் "ரேஷியோ ஜாஸ்தி" என்றால் எண் ஜாஸ்தியா வேகம் ஜாஸ்தியா என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள், பாதிப் பேர் ஒன்றைச் சொல்லி மற்றதை நினைத்துக்கொண்டிருப்பார்கள். பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, கையின் பலம் மட்டும்தான். அதனால் கம்பெனிக்காரர்கள் ஜாக்கியைப் போலச் செய்தார்கள்: நிறையச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் பலம் போதும்.

என் கார்ல ரேஷியோ எவ்வளவுன்னு நானே அளக்க முடியுமா?

தாராளமாக. முதலில் சமதளம் வேண்டும். நீலகிரியில் அதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. முன் சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு தகரத் துண்டுகளை, நடுவே கிரீஸ் தடவி வையுங்கள். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு அளவைக் கெடுக்கும். ஸ்டீயரிங்கின் உச்சியில் டேப் ஒட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் நேரான பலகை ஒன்றை அணைத்து வைத்துத் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை அரைச் சுற்று, சரியாக 180 டிகிரி திருப்பி, மறுபடி பலகையை வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பள்ளிக்கூடப் பாகைமானியால் அளந்து, 180-ஐ அதால் வகுத்தால் ரேஷியோ வந்துவிடும். கோணம் 9 டிகிரி என்றால் 20:1.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதல் கோடு போடும் முன் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே கொஞ்சம் திருப்பி, பிளேயை, அதாவது சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் சும்மா ஆடும் தளர்வை, எடுத்துவிடுங்கள். அப்புறம், வளைவின் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் திரும்பும், அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆகவே ஒரே சக்கரத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் அளந்து சராசரி எடுங்கள்.

லாக் டு லாக் சுத்து கம்மியா இருந்தா ஸ்டீயரிங் வேகம்னு அர்த்தமா?

எப்போதும் இல்லை. ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறு பக்கக் கடைசி வரை எத்தனை சுற்று என்பது, சக்கரம் மொத்தம் எவ்வளவு ஒடிகிறது என்பதையும் பொறுத்தது. 3.5 சுற்று என்றால் 1,260 டிகிரி. சக்கரம் பக்கத்துக்கு 35 டிகிரி, மொத்தம் 70 ஒடிந்தால் ரேஷியோ 18:1. அதே 3.5 சுற்றில் சக்கரம் மொத்தம் 84 டிகிரி ஒடிந்தால் 15:1.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான கார், டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. அதன் முன் சக்கரங்கள் அநியாயத்துக்கு ஒடியும், 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். லாக் டு லாக் மூன்றரைக்கு மேல் வருவதால் கேட்பவர்கள் "மெதுவான ஸ்டீயரிங்" என்று நினைப்பார்கள். ஓட்டிப் பார்த்தால் அப்படி இருக்காது. ஊட்டி மார்க்கெட் பக்கத்துச் சந்துகளில் அந்தக் காரைத் திருப்பியவர்களுக்கு நான் சொல்வது புரியும். பழைய மினி எதிர்த் திசை: சுமார் 2.3 சுற்றுதான், நிஜமாகவே வேகம்.

என் அம்பாசிடர்ல ஸ்டீயரிங் பாக்ஸை மாத்தி வேகமான பாக்ஸ் போடணும். எங்க கிடைக்கும்?

எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் அம்பாசிடரில் ஸ்டீயரிங் பாக்ஸே இல்லை. மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த அந்த வண்டியில் இருப்பது ரேக் அண்டு பினியன். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பத்மினியில் பாக்ஸ் இருக்கிறது, அதைவிடக் கனமான அம்பாசிடரில் இல்லாமலா இருக்கும் என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள்.

ரேக் என்றால் என்னவென்று பார்க்க நம் ஊர்க்காரர்கள் மேட்டுப்பாளையம் ரயிலுக்குப் போனால் போதும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறதே, அது ரேக். எஞ்சினுக்கு அடியில் அதில் கடித்து ஏறும் பல்சக்கரம் பினியன். ரயிலில் பட்டை அசையாது, பல்சக்கரம் ஏறிப் போகும். காரில் பல்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், பட்டை இடம் வலமாக நகர்ந்து சக்கரங்களைத் தள்ளும்.

இங்கே வேகத்தை மாற்ற வேண்டுமானால் பினியனையும் ரேக்கையும் ஜோடியாக மாற்ற வேண்டும், பினியனின் ஒரு சுற்றுக்கு ரேக் அதிக மில்லிமீட்டர் நகரும்படி. அம்பாசிடருக்கு அப்படி ஒரு ஜோடியை நான் கண்ணால் பார்த்ததில்லை. "வேற கார் ரேக் உக்காந்துடும்" என்பவர்களுக்குக் கீழே ஒரு பதில் இருக்கிறது.

அப்போ பாக்ஸ் வெச்ச வண்டி எது எது? உள்ள என்ன இருக்கு?

பத்மினி, அதற்கு முந்தைய ஃபியட் 1100, பழைய ஜீப்புகள், வோக்ஸ்வாகன் பீட்டில், பழைய மெர்சிடிஸ், மாருதி ஜிப்சி எல்லாமே பாக்ஸ்தான். உள்ளே ஸ்டீயரிங் ராடின் அடிமுனையில் திருகு மாதிரி ஒரு வார்ம் இருக்கும். அதன் மேல் ஒரு ரோலரோ பல்லோ ஊர்ந்து, குறுக்கே உள்ள தண்டைத் திருப்பும். அந்தத் தண்டின் முனையில் தொங்குவதுதான் டிராப் ஆர்ம். பீட்டில் போன்றவற்றில் வார்மும் ரோலரும். ஜிப்சி, மெர்சிடிஸ் மாதிரி வண்டிகளில் வார்முக்கும் நட்டுக்கும் நடுவே இரும்புக் குண்டுகள் உருளும். அது வழவழவென்று திரும்பும், தேய்மானமும் குறைவு.

ராணுவ விலிஸ் ஜீப் தனி ரகம். ராஸ் கம்பெனியின் கேம் அண்டு லீவர் பாக்ஸ், வார்மின் பள்ளத்தில் இரண்டு பின் ஓடும். அதன் கையேட்டில் ரேஷியோ 14-12-14 என்று போட்டிருக்கும்: நடுவில் 12, இரண்டு கடைசியிலும் 14. மாறும் ரேஷியோ ஏதோ போன வருடக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் கவனிக்கவும், இது 1940-களின் சமாச்சாரம்.

பாக்ஸ் 16:1-னு புக்ல போட்டிருக்கு. நான் அளந்தா 19 வருது. யார் பொய் சொல்றா?

யாரும் பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் இருப்பது பாக்ஸின் ரேஷியோ. நீங்கள் அளந்தது மொத்த ரேஷியோ. இரண்டுக்கும் நடுவே இரண்டு கைகள் இருக்கின்றன: பாக்ஸில் தொங்கும் டிராப் ஆர்ம், சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டீயரிங் ஆர்ம். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் பாக்ஸ் ரேஷியோவே மொத்த ரேஷியோ. சக்கரத்துக் கை 6 அங்குலம், டிராப் ஆர்ம் 5 அங்குலம் என்றால் 16-ஐ 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். 19.2 வரும்.

சரி, அப்போ டிராப் ஆர்மை நீளமாக்கினா வேலை முடிஞ்சதே? லேத்காரர் ஒருத்தர் வெட்டி வெல்டு வெச்சுத் தர்றேன்னார்.

கணக்கு சரி, வேலை தப்பு. டிராப் ஆர்ம் அடித்து உருவாக்கிய இரும்பு, பதம் பார்த்து ஆற வைத்தது. வெல்டு வைத்தாலும் சூடு காட்டி வளைத்தாலும் அந்தப் பதம் போய்விடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் அது உடைந்தால் ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றும், கார் நேராகப் போகும். நேராக என்ன இருக்கிறது என்பது அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் விவாதம் செய்வதில்லை.

வெல்டு இல்லாமல் புதிதாகவே நீளமான ஆர்ம் செய்து வாங்கினாலும் மிச்சம் பிரச்சினை இருக்கிறது. பத்மினி மாதிரி வண்டியில் எதிர்ப்பக்கம் ஐட்லர் ஆர்ம் ஒன்று டிராப் ஆர்முக்கு ஜோடியாக நிற்கும். ஒன்று நீண்டால் மற்றதும் அதே அளவு நீள வேண்டும். பாக்ஸின் தண்டுக்கும் புஷ்ஷுக்கும் சுமை கூடும், சக்கரங்களை இழுத்துத் தள்ளும் டை ராடுகளின் கோணமும் மாறும். வேகமாக்கியே தீர வேண்டுமானால் அந்த மாடலுக்கென்றே செய்த பாக்ஸையோ ஆர்மையோ போடுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கொண்டை ஊசியில கை மாத்தி மாத்திச் சுத்தியே சோர்ந்து போறேன். வேகமான ரேஷியோ போட்டா நிஜமா எவ்வளவு மிச்சம்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பத்மினியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.34 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 7 மீட்டர் ஆரத்தில் திரும்புகிற மாதிரி நெருக்கமான வளைவு என்று வையுங்கள். முன் சக்கரங்கள் சராசரியாக 18.5 டிகிரி ஒடிய வேண்டும். 20:1 என்றால் ஸ்டீயரிங் 370 டிகிரி, ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேல். 16:1 என்றால் 296 டிகிரி. மிச்சம் 74 டிகிரி, கால் சுற்றுக்கும் குறைவு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வர 14 கொண்டை ஊசி. கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் 36. ஒவ்வொன்றிலும் போகும்போது 74, நேராக்கும்போது 74 மிச்சமாகும் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 74-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிளே பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

வேகமாக்கினா எவ்வளவு கனமாகும்?

20-லிருந்து 16-க்கு வந்தால் கைக்கு வேண்டிய பலம் நாலில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம் கூடும். 20-ஐ 16-ஆல் வகுங்கள், அவ்வளவுதான். ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது. ஊட்டி சேரிங்கிராசில் இரண்டு வேனுக்கு நடுவே பார்க் செய்யும்போது தெரியும்.

சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் வீல் போட்டா வேகமாகுமா?

ரேஷியோ துளிகூட மாறாது. 370 டிகிரி திருப்ப வேண்டிய இடத்தில் அதே 370 டிகிரிதான். கை பயணிக்கும் தூரம் குறைவதால் வேகம் மாதிரித் தோன்றும். 16 அங்குல வீலை எடுத்துவிட்டு 14 போட்டால் கைத்தூரம் எட்டில் ஒரு பங்கு குறையும், பலம் 14 சதவீதம் கூடும். வேகமான பாக்ஸ், சின்ன வீல் இரண்டையும் ஒன்றாகப் போட்டவர் ஒருவர் வெலிங்டனில் இருக்கிறார். 1.25-ஐ 1.14-ஆல் பெருக்கிப் பாருங்கள், 43 சதவீதக் கனம். இப்போது மனைவி அந்தக் காரைத் தொடுவதில்லை என்று வருத்தப்படுகிறார்.

ஸ்டீயரிங்ல நாலு விரல் பிளே இருக்கு. பழைய வண்டின்னா அப்படித்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 98ஆவது விதி ஸ்டீயரிங் பிளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 16 அங்குல வீலின் விளிம்பில் 30 டிகிரி என்பது ஏறக்குறைய பத்தரை சென்டிமீட்டர், ஒரு உள்ளங்கை அகலம். நாலு விரல் என்றால் 20 டிகிரிப் பக்கம் வரும், சட்டப்படி பாஸ். ஆனால் விதி சொல்வது அதற்கு மேல் போகவே கூடாது என்ற எல்லையை. மலையில் நான் அதில் பாதியைக்கூட ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம், மேலே சொன்ன 74. வேகமான பாக்ஸுக்காக நீங்கள் பணம் கொட்டி ஒரு வளைவுக்கு மிச்சம் பிடிக்கப் போவது 74 டிகிரி. 30 டிகிரி பிளே இருந்தால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் மாற்றும் ஒவ்வொரு முறையும் 30 டிகிரி காற்றில் போகிறது. அதை எடுத்தாலே அந்த ஆதாயத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கைக்கு வந்துவிடும், கனம் கொஞ்சமும் கூடாமல். "மெதுவான ஸ்டீயரிங்" என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் வியாதி ரேஷியோ இல்லை, தேய்மானம்தான்.

பிளே எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமாக ஆட்டட்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைக்கட்டும். மேலிருந்து கீழே வாருங்கள்: ஸ்டீயரிங் ராடில் ஜாயிண்ட் இருந்தால் அது, பாக்ஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்டுகள், டிராப் ஆர்ம், ஐட்லர் ஆர்ம் புஷ், ஒவ்வொரு டை ராடு எண்டு, கடைசியில் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னும் வீல் பேரிங்கும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் அசையவில்லையோ அங்கேதான் கோளாறு. பாக்ஸ் போல்டு லூசாகி, பாக்ஸே ஆடிக்கொண்டிருந்த வண்டியை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்பானரோடு முடிந்த வேலை.

பாக்ஸ் மேல ஒரு ஸ்க்ரூ இருக்கே, அதை டைட் பண்ணினா பிளே போயிடுமே?

போகும். கூடவே வேறு ஒன்று வரும். கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது, ஆகவே வார்ம் நடுவில்தான் அதிகம் தேயும். புதிதாகச் செய்யும்போது நடுவில் நெருக்கமாகவும் இரண்டு கடைசியிலும் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்வார்கள். நடு தேய்ந்த பிறகு, நடுவில் பிளே போகிற வரை ஸ்க்ரூவை முறுக்கினால், தேயாத ஓரங்களில் போய் இறுகிக்கொள்ளும்.

எனக்கே நடந்தது. பத்மினியை வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் அரைத் திருகு முறுக்கி, "இப்போ பாருங்க, புதுசு மாதிரி" என்று கொடுத்தார்கள். சமதளத்தில் புதுசு மாதிரியேதான் இருந்தது. இறங்கும்போது முதல் கொண்டை ஊசியில் முழுதாக ஒடித்தேன், வளைவு முடிந்தது, ஸ்டீயரிங்கை விட்டேன், அது திரும்பி வரவில்லை. கையால் இழுத்து நேராக்குவதற்குள் எதிரே டீத்தூள் லாரி. ஏறி வந்த அந்த டிரைவர் புண்ணியவான், நிறுத்திக் காத்திருந்தார்.

முறை இது. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்குங்கள். முறுக்கும் முன் மூட்டுகளின் பிளேயையெல்லாம் சரிசெய்திருக்க வேண்டும். ஸ்டீயரிங் நேராக இருக்கும் நிலையில், லாக் நட்டைத் தளர்த்தி, எட்டில் ஒரு திருகு மட்டும் முறுக்குங்கள். உடனே இரண்டு கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் பின்வாங்குங்கள். நடுவில் பிளே மிச்சமிருக்கிறது, ஓரத்தில் பிடிக்கிறது என்றால் அந்த வார்மின் ஆயுசு முடிந்தது, ஸ்க்ரூவால் ஆகாது.

பாக்ஸ்ல எண்ணெய் ஒழுகுது, கிரீஸ் அடைச்சுட்டேன். தப்பா?

பல பாக்ஸுகள் 90 கிரேடு கியர் ஆயிலுக்காகச் செய்தவை. கெட்டியான கிரீஸை அடைத்தால், வார்ம் அதில் ஒரு குகை வெட்டிக்கொண்டு காய்ந்துபோய்ச் சுற்றும். கிரீஸ் ஓரமாக ஒதுங்கி வேடிக்கை பார்க்கும். ஆயில் சீலை மாற்றுவதுதான் வழி. அதுவரை மாதம் ஒரு முறை திறந்து ஆயில் ஊற்றுங்கள்.

இறக்கத்துல ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு, ஏத்தத்துல லேசா இருக்கு. ஏன்?

எல்லாரும் சரிவைக் குறை சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், கணக்குப் போடும் வரை. சுமார் 900 கிலோ பத்மினி 12 அடிக்கு ஓர் அடி சரிவில் இறங்கும்போது, முன் சக்கரத்துக்கு மாறும் எடை 20 கிலோவுக்குள்தான். அதே வண்டியில் ஓரளவு அழுத்திப் பிரேக் பிடித்தால் 60 கிலோவுக்கு மேல் முன்னால் சாயும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஒடிப்பதால்தான் கனக்கிறது.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் பிரேக்கை விட்டுவிட்டு உள்ளே போங்கள். எஞ்சின் பின் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும், முன் சக்கரம் திரும்பும் வேலையை மட்டும் பார்க்கும். இன்னொன்று, வண்டி நின்ற இடத்தில் ஒடிக்காதீர்கள். ஒரு சாண் உருண்டாலும் போதும், பாதிக் கனம் குறைந்துவிடும்.

ரேஷியோவைத் தொடாம லேசாக்க என்ன வழி?

முதலில் டயரில் காற்று. அடுத்து கிங் பின்: கிரீஸ் போகாமல் இறுகிய கிங் பின் ஸ்டீயரிங்கைக் கல்லாக்கும், ஒடித்த பிறகு தானாக நேராகவும் விடாது. சக்கரத்தைத் தூக்கிவிட்டு, டை ராடு எண்டைக் கழற்றி, கையால் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கையால் வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் இவ்வளவு நாள் பாக்ஸை அநியாயமாகத் திட்டியிருக்கிறீர்கள்.

அகலமான டயர் அழகுக்குப் போட்டிருந்தால் அதைக் கழற்றுங்கள். காஸ்டர் கோணத்தைக் குறைத்தால் லேசாகும் என்பது உண்மைதான். காஸ்டர் என்பது சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது மாதிரி, ஸ்டீயரிங் தானாக நேராவதற்குக் காரணமே அது. ரொம்பக் குறைத்தால் ஸ்க்ரூவை முறுக்கிய என் கதைதான்.

அமெரிக்காவுல மஸ்டாங்குக்கெல்லாம் வேகமான பாக்ஸ் கிட் வருதாமே, நமக்கு ஏன் இல்ல?

1960-களின் மஸ்டாங்கில் சாதாரண பாக்ஸ், 16:1 வேகமான பாக்ஸ் என்று கம்பெனியே இரண்டு வகை வைத்திருந்தது. முன்னால் கனமான எஞ்சின், பவர் ஸ்டீயரிங் இல்லை என்றால் சாதாரண பாக்ஸை மிக மெதுவாக வைத்திருந்தார்கள், அதனால் வேகமாக்க இடம் இருந்தது. லட்சக்கணக்கில் விற்ற கார் என்பதால் இன்றும் புது பாக்ஸ் செய்து விற்கிறார்கள். நம் பழைய கார்களுக்கு அந்தச் சந்தை கிடையாது.

ஸ்டீயரிங் ராடின் நடுவில் மாட்டும் குயிக்கனர் என்ற சின்ன கியர் பெட்டியும் உண்டு, ரேஸ்காரர்களின் சாமான். 1.5 மடங்கு குயிக்கனர் போட்டால் 20:1 வண்டி 13.3 ஆகும், பலமும் ஒன்றரை மடங்கு வேண்டும். பாக்ஸில் இருக்கும் பிளேயை அது குறைக்காது. மலை ரோட்டில் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு எனக்குச் சம்மதமில்லை.

புது கார்ல இருந்து எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கைக் கழட்டிப் போடலாமா?

இதுதான் இப்போதைய மோகம். நன்றாகச் செய்தால் ஓட்ட சுகமாகத்தான் இருக்கும், வேகமான ரேஷியோவின் கனத்தையும் அது தாங்கிவிடும். ஆனால் டைனமோ வைத்த வண்டிக்காரர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர். பவர் ஸ்டீயரிங் மோட்டார் மெதுவாக முழு ஒடி ஒடிக்கும்போது சில நொடிகள் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கொண்டை ஊசியில் எஞ்சின் வேகம் குறைந்திருக்கும், டைனமோ அப்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. மழையும் பனிமூட்டமும் சேர்ந்த மாலையில் ஹெட்லைட், வைப்பர் வேறு ஓடும். எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும். முதலில் ஆல்டர்னேட்டர், பிறகு இந்தப் பேச்சு.

அந்த மோட்டாரைப் பொருத்த ஸ்டீயரிங் ராடை வெட்டி ஒட்டும் வேலை பற்றி, டிராப் ஆர்ம் பதிலில் சொன்னதேதான். வெட்டி ஒட்டாமல் ஸ்ப்ளைன், அதாவது பல்வரி உள்ள ஜாயிண்ட்டால் இணைப்பவரிடம் மட்டும் போங்கள்.

வேற கார் ரேக்கை அம்பாசிடர்ல வெச்சேன். ஸ்டீயரிங் வேகம்தான், ஆனா குழியில இறங்கினா கார் தானா ஒரு பக்கம் ஓடுது.

ரேக்கின் நீளமும் அது நிற்கும் உயரமும் சஸ்பென்ஷனோடு பொருந்த வேண்டும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது சஸ்பென்ஷன் கை ஒரு வில் வரைகிறது, டை ராடு இன்னொரு வில் வரைகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் டை ராடு அதைத் திருப்பிவிடும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். அலைன்மெண்ட் கடையில் இது தெரியாது, அங்கே வண்டி அசையாமல் நிற்கிறது. ஸ்பிரிங் அழுத்தத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு உயரத்திலும் டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்னால் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை, அளந்தால்தான் தெரியும். பழைய ரேக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

எஃப்சி, ஆர்டிஓ பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதைத் தவிர, 2021-இல் வந்த விண்டேஜ் விதியின்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விஏ என்ற எழுத்துகளோடு தனியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு. வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டவும் கூடாது. அந்தப் பதிவுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஸ்டீயரிங்கில் கை வைக்கும் முன் யோசியுங்கள். கழற்றிய அசல் பாக்ஸைக் காயலான் கடைக்குப் போடவே போடாதீர்கள்.

வேகமான ஸ்டீயரிங் போட்டாச்சு. மலையில ஜோர். மேட்டுப்பாளையம் தாண்டி 80-ல போனா பயமா இருக்கே?

வளைவில் நல்லதாக இருந்த அதே குணம்தான் நேர் ரோட்டில் பயமுறுத்துகிறது. தும்மினால் கார் நகரும். பழைய காரின் மெதுவான ஸ்டீயரிங் சமவெளியில் கை நடுக்கத்தை மன்னித்துவிடும், வேகமானது மன்னிக்காது. டோ-இன்னும் காஸ்டரும் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஓரளவு அடங்கும். காரமடை, கோவை என்று வாரம் இரண்டு முறை போகிறவர் என்றால் 16-க்குக் கீழே போயிருக்கவே வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, உங்க பத்மினியில என்ன பாக்ஸ் போட்டிருக்கீங்க?

வந்தபோது இருந்த அதே பாக்ஸ். உள்ளே வார்மும் ரோலரும் மாற்றினேன், ஐட்லர் புஷ், நாலு டை ராடு எண்டு, இரண்டு பக்கக் கிங் பின் எல்லாம் புதுசு. வீல் அசல் பெரிய வீல். பிளே இப்போது ஒரு விரல். ஸ்டீயரிங் உச்சியில் அளப்பதற்காக ஒட்டிய சிவப்பு டேப்பை மட்டும் எடுக்கவில்லை. வளைவு முடிந்து கையைத் தளர்த்தும்போது அது தானாக உச்சிக்கு வந்து நிற்கிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.